ரசிகர் கையில் முழங்கால்

"சின்ன வயசுல நீங்கதான் சார் எனக்கு ஹீரோ!" என்றார், முழங்கால் ஆபரேஷன் செய்ய வந்த இளம் டாக்டர்.

படுத்திருந்த பழைய கோல்கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த மனைவிகூட அவர் ஆட்டத்தைப் பாராட்டியதில்லை.

"பாய்ஞ்சு பாய்ஞ்சு பந்தைப் பிடிப்பேனே, அதுக்காகவா?"

"எங்க சார் பிடிச்சீங்க? ஆறு கோல் விட்டாலும் அடுத்த மேட்ச்ல சிரிச்சுக்கிட்டே வந்து நிப்பீங்க! ஒவ்வொரு தடவை பரீட்சைல கோட்டை விட்டப்பவும் உங்களை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்குவேன்."

"பள்ளிக்கூடப் பரீட்சைதானே தம்பி?"

"டாக்டர் பரீட்சை சார். முக்கியமா, இந்த முழங்கால் பாடம் எனக்கு மண்டையில ஏறவே ஏறாது."

அந்தக் காலத்தில் ஒரு மேட்ச்சிலாவது அழுது தொலைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. நர்ஸ் மயக்க ஊசியோடு நெருங்கினாள்.

"சிஸ்டர், பெரிய டாக்டர் யாராவது இருந்தா கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"