இரட்டைத் தையல் போட்ட உறை

மூன்று மணிக்கு டெண்டர் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைத்துத் தர விலை எழுதிக்கொண்டு வந்திருக்கும் தையல் கூட்டுறவுச் சங்கத் தலைவியின் வலது கால், மேசைக்கு அடியில் மிஷினை மிதிப்பதுபோல் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது. அவள் நீட்டிய விலை உறையைக் குமாஸ்தா புரட்டுகிறார். அதன் வாய் முழுக்க இரட்டைத் தையல். "என்னம்மா இது? அரக்கு வச்சு ஒட்டணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே!" "அரக்கு உதிர்ந்துடும் சார். இத யாரும் பிரிக்க முடியாது பாருங்க," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் தலைவியின் நாத்தனார். குமாஸ்தா நகத்தால் நூலை நெம்பிப் பார்க்கிறார், அசையவில்லை. கம்பெனிக்காரர்களின் உறைகளிலிருந்து உதிர்ந்த சிவப்பு அரக்குத் தூள் மேசையெல்லாம் கிடக்கிறது. அதைப் புறங்கையால் தள்ளிவிட்டு, "ரூல்னா ரூல்தாம்மா," என்று உறையைத் திருப்பி நீட்டுகிறார். பெட்டியில் பூட்டு விழுகிறது. தலைவியின் கால் மிதிப்பதை நிறுத்தவில்லை.