ஐந்தாவது வருஷத்து முதல் மீன்

"தள்ளி விடுக்கா, ஆத்தோட போகட்டும்—"

"போகட்டுமா? நம்ம கரையத் தேடி வந்திருக்குடி. தள்ளி விடச் சொல்றியே, உனக்கென்ன கிறுக்கா—"

"மத்தியானம் மீன்துறை விமானம் வரும்க்கா. மேல இருந்து பாத்தான்னா உன் படகப் பிடுங்கிட்டுப் போயிருவான்!"

"போகட்டும். நீ வாலப் பிடி முதல்ல."

மத்ரோனா அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவள் கைகளில் செத்துப்போன ஒரு ராஜா சால்மன் மீன். நாலு வயதுப் பிள்ளையின் கனம் இருக்கும். எங்கள் கோடைக்கால மீன்பிடி முகாமுக்கு எதிரே, சரளைத் திட்டில் அதுவாக வந்து ஒதுங்கியிருந்தது.

எங்கள் அலாஸ்கா ஆற்றில் ராஜா சால்மன் குறைந்துபோய், வலை போடக்கூடாது என்று சட்டம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. செத்துக் கிடந்தாலும் எடுக்கக்கூடாது. ஆற்றின் மேல்பக்கம், விடுதிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் மட்டும் தூண்டில் போடலாம். பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப விட்டுவிட வேண்டும்.

மீன் காயப்போடும் கழிகளில் அக்காவின் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

நான் வாலைப் பிடிக்கவில்லை.

அவளே இழுத்துக்கொண்டு வந்து பலகையில் போட்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் சிவப்பு. கீழ்த்தாடையில் ஒரு துளை. வாலுக்குச் சற்று மேலே, ஒரு கைப்பிடி அகலத்துக்குச் செதில் உரிந்து வெளுத்திருந்தது.

"பாத்தியா? சோத்தோட விளையாடியிருக்கானுங்க. அதுக்கு நம்ம யூப்பிக் சனத்து ஆளே ஒருத்தன் படகு ஓட்டுறானாம். மீன எடுத்து அவனுங்க மடியில வேற குடுக்குறானாம். தன்னையே குடுக்கன்னு வந்தத வேணாம்னு வீசினா, அது மறுபடி எதுக்குடி வரும்?"

"அவனுக்கும் வீட்டுல அடுப்பு எரியணும்ல."

"எரியட்டும். அதுல வைக்க மீன் வேணாமா?"

விமானத்தைத் தேடுகிறவள்போல வானத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை.

அக்கா பிறைக் கத்தியை எடுத்துவந்தாள். ஐந்து வருஷமாகியும் அவள் கை மறக்கவில்லை. தலை தனியே வந்தது. வருஷத்து முதல் மீன் என்றால் வீட்டுக்கு ஒரு துண்டு. தலை ஊரிலேயே மூத்தவளான ஃபெடோசியாவுக்கு. யார் யாருக்கு எது என்று சொல்லிக்கொண்டே அறுத்தாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

"வயித்துப் பக்கம் உனக்கு. நல்ல கொழுப்பு."

"எனக்கு வேண்டாம்க்கா."

"ஏன்? விடுதில பாத்திரம் கழுவிக் கழுவி அவங்க வறுத்த கோழியே ருசியாயிருச்சோ?"

"அதில்லக்கா."

"பின்ன என்ன?" மீனின் வாலருகே, அந்த வெளுத்த இடத்தை விரலால் தடவினாள். "பாவம். மூச்சுக்கு எவ்வளவு நேரம் துடிச்சுதோ."

"துடிக்கவெல்லாம் இல்லக்கா. விட்டப்ப நல்லாத்தான் நீந்திப் போச்சு."

கத்தி நின்றது.

பாத்திரம் கழுவும் வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

நேற்று என் படகில் வந்தவருக்கு முதல் படம் சரியாக விழவில்லை. இரண்டாவதில் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவதற்கு மீனை நானே வாலைப் பிடித்துத் தூக்கி, அவர் மார்புக்கு நேராகக் காட்டினேன். "அலாஸ்கா!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினார். படத்துக்காக நானும் சிரித்தேன்.

அக்கா நிமிரவில்லை. மறுபடி அறுத்தாள். வயிற்றுத் துண்டைக் கழுவி, ஒரு கிண்ணத்தில் வைத்து, என் பக்கம் நகர்த்தினாள்.

"வேக வச்சுத் தரேன், போற வழிக்குக் கொண்டு போ" என்றாள். "நாளைக்கு எத்தன மணிக்குப் படகு எடுக்கணும், ஓலிங்கா?"