கதவில் விழும் குத்து

அந்த பேஸ்மெண்டில் பாட்டு பிடித்துவிட்டால் யாரும் கைதட்டுவதில்லை, இரும்புக் கதவில் ஓங்கிக் குத்துவார்கள். குத்து விழுந்தால் அங்கே டி.ஜே.வாக இருக்கும் ஜெரால்டு பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து இன்னும் சத்தமாகப் போட வேண்டும். சத்தம் தெருவுக்குப் போகக் கூடாதென்று கதவு பூட்டியிருக்கும், சாவி அவன் பையில். அந்த ஞாயிறு மதியம் விளக்கையெல்லாம் அணைத்து, அறையின் சத்தத்தைப் பதிவு செய்யும் கருவியையும் ஓடவிட்டு, இன்னும் வெளிவராத தன் புதுப் பாட்டைப் போட்டான். ஸ்பீக்கரில் பேஸ் இறங்கியதும் இருட்டில் எல்லோருக்கும் விலா அதிர்ந்தது. உடனே கதவில் குத்து விழுந்தது. "வெறித்தனம்டா! திரும்பப் போடு மச்சி!" என்று கூட்டம் கத்தியது. போட்டான். மறுபடி குத்து, இந்த முறை இரண்டு கையாலும். இன்னும் ஏற்றிப் போட்டான். குத்து மெல்லத் தளர்ந்து, பாட்டு முடியும் முன்பே ஓய்ந்தது. விளக்கைப் போட்டபோது ஷெரின் தன் தம்பி அந்தோவை மடியில் கிடத்திக் கதவடியில் உட்கார்ந்திருந்தாள். மூச்சிழுப்பில் நீலமாகிப்போன அவன் உதடுகள் அசையவில்லை. "கத்துனேன், ஒருத்தனுக்கும் கேக்கல. தெறங்கடான்னுதான் தட்டுனேன்" என்றாள். அன்றைய பதிவை ஜெரால்டு அப்படியே வெளியிட்டிருக்கிறான், அந்தோவின் பெயரில். இப்போது எல்லா ஊர் பேஸ்மெண்டிலும் அதுதான் ஓடுகிறது. பாட்டுக்குள் குத்து வரும்போது கூட்டமும் சேர்ந்து குத்துகிறது, அது தளரும்போது தளர்கிறது, ஓயும் இடத்தில் மொத்தமாக ஓய்கிறது. பிறகு யாரோ ஒருவர் போய்க் கதவைக் குத்துகிறார்.