கொசுகூட நுழையாது

பாங்காக்கில் பாதிக் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் புழு தின்று ஏப்பம் விட்டிருந்தது. கம்பெனிக்குள் அது நுழைந்தால், அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் நிரனின் வேலை காலி. குளிப்பதைக்கூட மறந்து, ஃபயர்வால் சர்வரில் இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிட்டான்.

“இனி கொசுகூட நுழையாதும்மா!”

“இருந்தாலும் மந்திரம் ஓதினாத்தான் தம்பி எனக்கு மனசு ஆறும்,” என்ற முதலாளியம்மா ரத்தனா, சர்வரிலேயே பென்டிரைவைச் செருகினாள். பிக்குகளின் குரல் முழங்க, அலுவலகமே கைகூப்பியது.

“இதை எங்கேம்மா புடிச்சீங்க?”

“பக்கத்துக் கம்பெனியிலதான். பாவம், புழு வந்ததுலேர்ந்து அவங்க கம்ப்யூட்டர்ல ராப்பகலா இதான் ஓடுது!”

நிரன் பாய்ந்து பென்டிரைவைப் பிடுங்கினான். அதற்குள் திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

“போடா வெளியே!” ரத்தனா அலறினாள். “மந்திரத்தைப் பாதியில நிறுத்தினா புழு வராம என்னடா பண்ணும்?”