பதினோராவது விண்ணப்பம்

பத்துப் பிள்ளைகளுக்கும் செக் கொடுத்து முடிந்த பிறகுதான் இருதயமேரி அந்தப் பதினோராவது விண்ணப்பத்தைக் கணவர் இருதயராஜிடம் நீட்டினாள்.

திண்டிவனத்தில் அந்தச் சின்ன மண்டபத்தில் ஆட்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில், மாலை போட்ட படத்துக்குள், மகள் ஜாக்குலின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வருஷா வருஷம் அவள் நினைவு நாளில் பத்து ஏழைப் பெண்களுக்குக் கல்லூரிக் கட்டணம். ரிட்டையரான பணத்தில் இருதயராஜ் செய்த ஏற்பாடு அது. அவரை வாழ்த்தாத வாய் ஊரில் இல்லை.

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதரிடம் இருதயமேரி வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. கட்டுகிற சேலையின் நிறம்கூட அவர் இஷ்டம்தான்.

"இந்தப் புள்ளைக்கும் ஒண்ணு குடுத்துடுங்க. விழுப்புரத்துல நர்சிங் சீட்டு கெடைச்சிருக்குது. நாளைக்குள்ள ஃபீஸ் கட்டலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

கலைப்பிரியா. திருவெண்ணெய்நல்லூர் பக்கம். பிளஸ் டூவில் நல்ல மார்க்தான். அப்பா கரும்பு வெட்டும் கூலி.

அடுத்த வரியில் அவர் விரல் நின்றது. நின்றது நின்றதுதான்.

பின்வாசல் வேப்பமரத்தடியில் அந்தப் பிள்ளையும் அவள் அம்மாவும் காலையிலிருந்து நிற்கிறார்கள். முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்தவர்கள். உள்ளே வாருங்கள் என்று சொல்ல இருதயமேரிக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. யாராவது பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டால்? அந்த வெட்கம் வேறு அவளைப் பிடுங்கித் தின்றது.

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

அவர் கசக்காமல், மடிக்காமல், ஃபாரத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தாயில்லாப் புள்ளைன்னா குடுக்கலாம். அம்மா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு எழுதிக்கினு வரச் சொல்லு. இப்பவே செக் போடறேன்."

இருதயமேரிக்கு அழக்கூட வரவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் பிள்ளையின் சீட்டு போய்விடும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பின்வாசலுக்குப் போனாள். தரையைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

வேப்பமரத்தடியில் இருந்த அம்மாக்காரி ஃபாரத்தை வாங்கிக்கொண்டாள். பேனாவுக்குக் கை நீட்டினாள். மகளைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவள் முதுகிலேயே ஃபாரத்தை வைத்து எழுதினாள். பிள்ளைக்கு என்ன எழுதுகிறாள் என்பது தெரியவில்லை.

தாயின் பெயர்: காலஞ்சென்ற ஜாக்குலின்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், வேறு சாதிக்காரப் பையன் புகழேந்தியைக் கட்டிக்கொண்டு அவள் போன மறுநாள், பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார் அவள் அப்பா. அந்தத் தேதியைத்தான் நினைவு நாளென்று வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் தெரியும். ஒருவரும் பேசுவதில்லை.

ஃபாரத்தை அவள் இருதயமேரியிடம் நீட்டினாள்.

"மை இன்னும் காயலம்மா. ஈஷிக்காம புடிச்சிக்கினு போ."