குனிந்த தலைகள்

அந்த மேட்டு நிலத்துச் செம்மறிகள் காலையில் சூரியனைத் தலைகுனிந்து கும்பிட்ட பிறகுதான் புல்லில் வாய் வைக்கும். புதிதாக வந்த ஓநாய் ராஜாவுக்கு இது பிடிக்கவில்லை. இனிமேல் தன்னைத் தவிர யாரையும் கும்பிடக் கூடாது, மீறினால் உயிர் போகும் என்று சொல்லி, ஒரு காவல் ஓநாயை அனுப்பி வைத்தது.

காவல் ஓநாய் விடிந்ததிலிருந்து கண் கொட்டாமல் ஆடுகளைப் பார்த்தபடி நின்றது. கும்பிட முடியாத ஆடுகள் மேயவும் இல்லை. குட்டிகளுக்குப் பால் வற்றிப்போனது.

"யாராவது ஒருத்தர் அகப்பட்டாத்தான் இந்த ஓநாய் இங்கேயிருந்து நகரும். நான் போறேன்," என்றது கருங்காதி என்ற கிழட்டு ஆடு.

"அதுக்கு நீ ஏன் போகணும், அக்கா?" என்றது பக்கத்து ஆடு.

"எனக்குப் பால் குடிக்கிற குட்டி இல்லையே. பல்லும் போயிடுச்சு. கும்பிடுறது ஒண்ணுதான் இன்னும் நல்லா வருது."

மறுநாள் சூரியன் எழுந்ததும் கருங்காதி மொட்டைப் பாறையில் ஏறி நின்று நிதானமாகத் தலை குனிந்தது. மேய்கிறேன் என்று சொல்லித் தப்பிக்க அங்கே ஒரு புல்கூட இல்லை. ஓநாய் பாய்ந்து வந்து அதைக் கீழே இறக்கி, ராஜாவிடம் கொண்டுபோக முன்னால் நடக்கவிட்டது.

"எல்லாரையும் கெடுத்து வச்சது நீதானா? திரும்பிப் பாரு. நீ கிளம்பினதும் எல்லாம் ஒழுங்கா மேய ஆரம்பிச்சிருச்சு."

கருங்காதி திரும்பிப் பார்த்தது. நிலம் முழுக்கத் தலைகள் புல்லுக்குள் குனிந்திருந்தன. ஒரு வாயும் அசையவில்லை.

"ஆமாங்கய்யா, நல்லா மேயுதுங்க," என்றது. "வாங்க, நாம போகலாம்."