குனிந்த முதுகு

அந்தக் கால்பந்து அணியில் யாரும் மேசையில் வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. மைதானத்தின் நடுவில் சக ஆட்டக்காரன் ஒருவன் குனிய வேண்டும். அவன் முதுகுதான் மேசை. கேப்டன் எட்வினுக்காக, கூப்பிடுவதற்கு முன்பே கோல்கீப்பர் குணாளன் ஓடிவந்து குனிந்தான். எட்வின் தடுப்பாட்டக்காரன். இருவரும் ஒன்பது வருடமாக ஒரே கோலைக் காத்தவர்கள்.

"இன்னும் மூணு வருசம் நம்ம கோலாண்ட ஒருத்தன் வர முடியாது மச்சான்" என்று புல்லைப் பார்த்தபடியே சிரித்தான் குணாளன்.

எட்வின் கையெழுத்துப் போட்டான். தாள் வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேனேஜர் அதை உரித்தெடுத்து, அதே இடத்தில் இன்னொரு தாளை வைத்தார்.

"டீமோட மொத்தச் சம்பளம் லீக் வச்ச வரம்பைத் தாண்டுதுப்பா" என்றார் எட்வினின் காதோடு. "நீ இருக்கணும்னா ஒருத்தன் போயாகணும். கேப்டன் கையெழுத்து வேணும்."

தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பேனா அந்தரத்தில் நின்றது.

"இன்னா மச்சான், இன்னும் இருக்கா? மெதுவா போடு, எனக்கு ஒண்ணும் வலிக்கல."

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். எட்வின் இடது கையால் குணாளனின் பிடரியை அழுத்திப் பிடித்தான்.

"ஆடாம நில்லுடா" என்றான்.